பிடி அரிசியும் பொருளாதாரப் பட்டமும்

நான் படித்த படிப்புக்கும் என் அறிவுக்கும் ஒருபோதும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. இதை என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இனி மறைத்துப் பயனில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிது. வெள்ளைக்கார அதிகாரிகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்த நாற்காலியில் உட்கார, பொருளாதாரப் பட்டத்தோடு சிங்கப்பூரிலிருந்து மலாக்கா வந்து நின்றேன். "அனுபவம் உண்டா?" என்று கேட்டே எல்லா அலுவலகங்களும் திருப்பி அனுப்பின. என் பேராசிரியர் ஒரு வழி செய்தார். வேலையில்லாப் பட்டதாரிகள் தரும இல்லங்களில் மூன்று மாதம் உழைத்தால், இல்லம் நற்சான்று தரும். அது இருந்தால் அரசாங்க நேர்முகத்துக்குப் போகலாம்.

எனக்குக் கிடைத்தது மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் ஒரு முதியோர் இல்லம். அக்கம்பக்கத்து வீடுகளில் உலை வைக்கும்போது தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அதை வாங்கி வந்தால்தான் இல்லத்தில் கஞ்சி.

செயலாளர் மங்களம் அக்கா என் கையில் சாக்கைக் கொடுத்தார். "டை வேணாம்லா தம்பி. இன்சூரன்ஸ்காரருன்னு கதவ சாத்திருவாங்க."

சாக்கோடு வீடு வீடாகவா? (பட்டதாரி, ஐயா!) நேரே சீனர் கடைக்குப் போய், பால் மாதிரி வெளுத்திருந்த அரிசியைக் காட்டினேன். "வீட்டில் விருந்தா?" என்று கடைக்காரர் மலாயில் கேட்டார். தோரணையாகத் தலையாட்டினேன்.

பல வீட்டு அரிசி பல நிறத்தில் இருக்குமே என்பது வழியில்தான் உறைத்தது. சாக்கை யாரும் பார்த்துவிடக் கூடாது! "அக்கா, இன்னிக்கிக் கஞ்சி நானே காய்ச்சுறேன்." அன்று பேராசிரியர் பார்வையிட வருகிறார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் வாங்கியது பூலுட். கல்யாணப் பலகாரத்துக்கு ஆகும் ஒட்டரிசி. அகப்பையை விட்டேன், நின்றது. இழுத்தேன், பானையும் கூடவே வந்தது. பேராசிரியர் ஒரு வாய் வைத்துப் பாராட்டத் தொடங்கினார். முடிக்கவில்லை, வாய் திறந்தால்தானே! பக்கத்திலிருந்த முனியாண்டித் தாத்தா, யாரோ தருமத்துக்குக் கட்டிக்கொடுத்த பொய்ப்பல்லைக் கஞ்சியோடு சேர்த்து வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கஞ்சி நல்லாருக்கு தம்பி. செவத்துக்குப் பூசுனா இன்னும் நல்லாருக்கும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அக்கா ரொட்டி வாங்கி வரும்வரை அந்தக் கிழவர்கள் பசியோடு இருந்தார்கள். அதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

"எந்த வீட்ல வாங்குன அரிசி இது?" என்றார் அக்கா. உண்மையைச் சொன்னேன். "நற்சான்று வேணுமா? சாக்க எடுங்க. டைய கட்டிக்கிட்டே போங்க!"

போனேன். அக்கா சொன்னபடியே கதவுகள் சாத்தப்பட்டன. ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "கஞ்சிக்காரர்தானே? இது புழுங்கல். ஒட்டாது, பயப்படாதீங்க."

மூன்று மாதம் சுமந்து நற்சான்று வாங்கினேன். நேர்முகத்தில், "இல்லத்தில் என்ன கற்றீர்கள்?" என்றார்கள். பூலுட் கதையைச் சொன்னேன். சிரித்து முடித்து வேலை கொடுத்தார்கள், அரிசிக்குச் சம்பந்தமில்லாத துறையாகப் பார்த்து.

அந்தப் பெண்ணைத்தான் மணந்தேன். இன்றும் வீட்டுக்கு யாராவது வந்தால், இரண்டு கையிலும் அரிசி ஏந்தி வருவாள். "இதுல பூலுட் எது, சொல்லுங்க பட்டதாரி!" நான் உற்றுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஒன்றைக் காட்டுவேன். தப்பு என்பாள். மற்றதைக் காட்டுவேன். அதுவும் தப்பு.

இரண்டு கையிலும் இருப்பது ஒரே புழுங்கல் என்பது போன வருடம்தான் தெரிந்தது.