துரோம்சோவுக்கு ஒரு சாண் நூல்

வீட்டில் அட்லஸ் வைத்திருக்கிற மனுசனை ஒருநாளும் நம்பக் கூடாது. பட்டவன் சொல்கிறேன். இத்தனை வருடம் போயும் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே ஒரே அறையில் நானும் எங்கள் ஊர்த் தேவா அண்ணையும் இருந்தோம். நான் பொலிதேயாமா அரங்குப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, அதுதான் இத்தாலிக்கார அம்மா, வீட்டில் வேலை. தேவா அண்ணைக்கு எல்லாம் தெரியும். (அதுதான் அவருடைய வேலை.)

என் தங்கச்சிக்கு நோர்வேயின் வடக்குத் தொங்கலில், துரோம்சோவில், கல்யாணம். பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும், அவர் மோதிரம் போட்டுவிடுவார். ஐரோப்பாவில் அவளுக்கு இருந்த ஒரே இரத்தச் சொந்தம் நான்தான். விசாவும் கிடைத்துவிட்டது.

தேவா அண்ணை ஊரில் இருந்து கட்டிக்கொண்டு வந்த பள்ளிக்கூட அட்லஸை விரித்தார். தையல் நூலை எடுத்து ஒஸ்லோவில் ஒரு நுனி, துரோம்சோவில் மறு நுனி வைத்தார். பிறகு நூலை அப்படியே இலங்கைப் படம் இருந்த பக்கத்துக்குக் கொண்டுபோனார்.

"தம்பி, சரியா யாழ்ப்பாணம் வவுனியா! ஒஸ்லோ மட்டும் பிளேன் எடு. அங்காலை பஸ்ஸிலை போ, மூண்டு நாலு மணித்தியாலம்தான். ஏன் வீண் காசு?"

ஒரு பக்கத்தில் முழு ஐரோப்பா, மறு பக்கத்தில் எங்கள் குட்டித் தீவு. இரண்டுக்கும் அளவு ஒன்றா என்று கேட்க எனக்கு மூளை இருக்கவில்லை. "ஓம் அண்ணை" என்றேன். மாடு!

ரோமில் விமானம் மாறி, கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஒஸ்லோவில் இறங்கினேன். பஸ் நிலையத்தில் துரோம்சோவுக்கு டிக்கெட் கேட்டேன். உள்ளே இருந்தவன் பக்கத்தில் இருந்தவளையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். பலெர்மோவில் இருந்து நான் பறந்து வந்த தூரத்தில் கிட்டத்தட்டப் பாதி இன்னும் கிடந்தது. பிளேனிலேயே இரண்டு மணித்தியாலம். பஸ் என்றால் கல்யாணம் முடிந்து மறுநாள்தான் போய்ச் சேரலாம்.

தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணா, எங்கை நிக்கிறியள்?"

"ஒஸ்லோ பஸ் ஸ்டாண்டிலை."

"ஐயோ! அது எவ்வளவு தூரம் தெரியுமோ?"

"வவுனியா அளவெண்டு தேவா அண்ணை..."

அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்றிரவு விமானத்திலும் அடுத்த நாள் காலை விமானங்களிலும் ஒரு இடம்கூட இல்லை. மத்தியான விமானத்தில் ஏறி, பனிக்குள் சப்பாத்து நனைய மண்டபத்துக்குள் ஓடினேன். சனம் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தது. தாலி ஏறிவிட்டது. வாசலில் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரன் நின்றான். எரிக். மாப்பிள்ளையோடு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அவன்தான் காலைக் கழுவியிருக்கிறான். என் மோதிரம் அவன் விரலில்.

தங்கச்சி என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். "சாப்பிடுங்கோ. பாயாசம் முடியப்போகுது." அவ்வளவுதான்.

பலெர்மோவுக்குத் திரும்பி வந்து தேவா அண்ணையைக் கிழித்தேன். அந்த மனுசன் அட்லஸை எடுத்துத் திரும்பவும் நூல் பிடித்தார்.

"நூல் சரியாத்தான் இருக்கு தம்பி. பஸ்காரர்தான் பிழை."

அட்லஸை ஜன்னலால் எறிந்தேன். கீழே சந்தையில் மீன் விற்கிறவன் தலையில் விழுந்தது. அவனுடைய ஏச்சும் எனக்குத்தான்.

இன்றைக்கும் தங்கச்சியின் பிள்ளைகளுக்கு எரிக்தான் "மாமா". நான் "வவுனியா மாமா". பிறந்ததில் இருந்து வவுனியாவில் ஒரு இரவுகூட நான் தங்கியது கிடையாது.