நியூட்ரல் அண்ணனும் மூச்சு விடாத வண்டியும்

"பொம்பளப் புள்ள கை பட்டா வண்டி டீசல கூடத்தான் குடிக்கும், தாயி."

பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லி நான் முதல்முறை கேட்டபோது, எங்கள் வண்டியை ஓட்டுகிற நியூட்ரல் அண்ணன் சொன்ன பதில் இது. மில்லுக்கும் கல்லூரிக்கும் போகிற பெண்கள் வண்டி நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் இருந்த ஒரே பெண்ணும் நான்தான். சும்மா இருப்பேனா?

"ஆம்பள கை பட்டு மட்டும் கொறைஞ்சிருச்சாக்கும்?" என்றேன்.

வண்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மைலேஜ் விஷயத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இந்தச் சீமையில் இல்லாத இறக்கங்களைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் அவர். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே தரையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருளாது; வைத்த இடத்திலேயே காய்ந்து கருகும். அவ்வளவு தட்டையான பூமி. அதில் அருப்புக்கோட்டை வரைக்கும் இறக்கம் இறக்கமாக அவருக்குத் தெரியும். நமக்குச் சமதளமாகத் தெரிகிற இடத்தில் திடீரென்று "இறக்கம்!" என்று கத்துவார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார். வண்டி தவழ்ந்து தவழ்ந்து ஒரு கருவேல மரத்தடியில் நிற்கப்போகும்போது மறுபடி கியர் போடுவார். பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கலாம்.

வண்டி ஒரு பழைய எஸ்.யூ.வி. ஒரு காலத்தில் விளம்பரத்தில் மலை ஏறிய ரகம். எங்கள் ஊருக்கு வந்தபோது கண்மாய்க் கரை ஏறவே பெருமூச்சு விட்டது. டீசலை மட்டும் மூச்சு விடாமல் குடித்தது. அதைக் குறைப்பதற்காக அண்ணன் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் ஏற்ற மாட்டார். "காய வச்சுட்டு வாத்தா. அம்புட்டுத் தண்ணியையும் யாரு சொமக்கறது?" தண்ணீர் பாட்டிலைப் பாதி கொட்டச் சொல்வார். அதே நேரம் கூரைமேல் கேரியரில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் ததும்பிக்கொண்டு வரும். ரேடியேட்டர் ஒழுகல், அதற்கு வழியெல்லாம் ஊற்ற வேண்டும். கேட்டால், "அது வண்டிக்கு. நீங்க வெறும் ஆளுக" என்பார்.

சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கக் கூடாது. உள்ளே வந்த காற்று வண்டியைப் பின்னால் இழுக்குமாம். கரிமூட்டத்தில் அடுக்கிய விறகு மாதிரி உட்கார்ந்திருப்போம். ஹாரன் அடிக்க மாட்டார். ஹாரனுக்கு பேட்டரி வேண்டும், பேட்டரிக்கு இஞ்சின் வேண்டும், இஞ்சினுக்கு டீசல் வேண்டும். ஆகவே தலையை வெளியே நீட்டி, "ஏலே, ஓரம் போ!" என்று அவரே கத்துவார். ஆளை ஏற்ற வண்டியை முழுசாக நிறுத்தவும் மாட்டார். "ஓடியாத்தா, ஓடியா! நின்னா டீசலு!" எங்கள் பாலிடெக்னிக் ஓட்டப்பந்தயத்தில் எங்கள் வண்டிப் பிள்ளைகளை யாரும் ஜெயித்ததில்லை.

மில்லுக்கு வருகிற பேச்சியக்கா கொஞ்சம் பூரிப்பான உடம்பு. அவளை எப்போதும் நடு சீட்டில்தான் உட்கார வைப்பார்.

"நீ ஓரத்துல உக்காந்தா வண்டி சாஞ்சுக்கிட்டே போகும். டயரு ஒருபக்கமாத் தேயும்."

"ஏலே, நான் உக்காந்திருக்கப்போயித்தான் உன் வண்டி தரையில நிக்குது. இல்லேன்னா ஆடிக் காத்துல சாயல்குடிக்குப் போயிருக்கும்."

கண்மாய்க் கரை ஒன்றுதான் உண்மையான இறக்கம். அதன் உச்சிக்கு வந்ததும் அண்ணன் முகத்தில் ஒரு கல்யாணக் களை வரும். நியூட்ரல் போதாது என்று இஞ்சினையே அணைத்துவிடுவார். ஒருநாள் அப்படி இறங்கும்போது எதிரே ஆட்டுக்கிடை. இவர் தலையை நீட்டிக் கத்துகிறார். ஆடுகள் நின்று வேடிக்கை பார்க்கின்றன. இஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை கிடையாது, மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருக்கும். சாலையை விட்டு இறங்கிய வண்டி பருத்திக் காட்டுக்குள் போய்ச் செடிகளில் சிக்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. அண்ணன் இறங்கி, உடையைத் தட்டிவிட்டு, கம்பீரமாகச் சொன்னார்: "பாத்தீகளா? நிக்கிறதுக்கும் டீசலு செலவில்ல."

பேச்சியக்கா கையில் கிடைத்த பருத்திமார்க் குச்சியைத் தூக்கிக்கொண்டு அவரைத் துரத்தியதை நான் எழுதப்போவதில்லை.

வண்டி அவருடையது இல்லை. வளைகுடாவில் வேலை பார்க்கிற எங்கள் ஊர் பாய் ஒருவருடையது. அவர் லீவில் வந்தவர், ஒருநாள் மோட்டார் சைக்கிளில் எங்களுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். வண்டி நின்றதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கைக்குட்டை கறுப்பாகிவிட்டது.

"என்னண்ணே, உள்ளயே கரி சுடுறீகளா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இது குடிக்கிறதுக்குச் சம்பாரிச்சுப் போட என்னால ஏலாது. நான் திரும்பிப் போறதுக்குள்ள கொறையணும். இல்லேன்னா காயலாங்கடைக்குத்தான்."

இந்த வண்டியை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை. எங்கள் ஊருக்குக் காலை பஸ் விடியுமுன்னே வந்து போய்விடும். அடுத்தது வரும்போது பாலிடெக்னிக்கில் பாதி நாள் முடிந்திருக்கும். அப்பாவிடம் சொன்னேன். விறகு வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் அவர். கைக்கரியைக் கழுவிக்கொண்டே, "வண்டி நின்னா நீயும் நின்னுக்க தாயி. இம்புட்டுப் படிச்சதே பெருசு" என்றார். பெரிசுதான். ஆனால் படிப்பு இன்னும் முடியவில்லையே! கடைசி வருஷம் பாக்கி இருந்தது.

பாய் வைத்த சோதனை எளியது. பெட்ரோல் பங்கில் டேங்க்கை வாய்வரை நிரப்புவது. காரியாபட்டி போய்த் திரும்புவது. மறுபடி நிரப்பினால் குடித்த அளவு தெரிந்துவிடும். முதல் சோதனையை அண்ணன் தன் வழியிலேயே செய்தார். எங்கள் செருப்புகளையும் சோற்று வாளிகளையும் பங்கிலேயே இறக்கி வைக்கச் சொன்னார். வழியெல்லாம் இல்லாத இறக்கங்களில் தவழ்ந்தோம். திரும்பி வந்து டீசல் குழாயைச் சொருகினால், ஊற்ற ஊற்ற வண்டி வாங்கிக்கொண்டே இருந்தது. பாய் அதற்குமேல் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாய், எனக்கு ஒருநாள் குடுங்க. நான் பாக்குறேன்," என்றேன்.

"நீயா?" என்றார் அண்ணன்.

"நாந்தான். படிச்சிருக்கேன்ல?"

பாய் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "குடிக்கிறது இதுக்கு மேல கூடவா போகுது? பாரும்மா."

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்துவிட்டது. முதலில் டயர். நாலும் சப்பிப்போய்க் கிடந்தன. "காத்தும் கனந்தானே? அதான் கம்மியா வச்சிருக்கேன்," என்றார் அண்ணன். பஞ்சர் கடைக்காரரை வரவழைத்து, இருக்க வேண்டிய அளவுக்குக் காற்றை ஏற்றினேன். பின் சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றி அதைச் சரிசெய்தேன். ரேடியேட்டர் ஒழுகலை அடைத்தேன். டிரம் இறங்கியது, கேரியரும் இறங்கியது. அண்ணன் எல்லாவற்றையும், தன் வீட்டுச் சாமானை ஜப்தி செய்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

பானெட்டைத் திறந்து ஏர் பில்டர் டப்பாவில் கை வைத்ததும் குறுக்கே வந்து நின்றார்.

"அதத் தொடாத."

தொட்டேன். மூடியைக் கழற்றினால், இஞ்சினுக்குக் காற்று போகிற வாயில் ஒரு துணி, மடித்து மடித்துச் சுற்றிக் கட்டியிருந்தது. கரிசல் புழுதி ஏறி அடை மாதிரி இறுகியிருந்தது. அழுக்குக்கு அடியில் ஒரு நூல் சரிகை தெரிந்தது.

"பரிவட்டம்," என்றார் அண்ணன். முன்பொரு திருவிழாவில் சாமி சாமான் ஏற்றி வந்த டிராக்டர் நடுவழியில் நின்றுபோக, இவர்தான் எல்லாவற்றையும் இந்த வண்டியில் கொண்டுவந்து சேர்த்தாராம். பூசாரி இவர் தலையில் பரிவட்டம் கட்டினார். கோயிலை விட்டு வெளியே வந்ததும் அவிழ்த்து வண்டிக்குக் கட்டிவிட்டார். "ஓடுனது அது. மரியாத எனக்கா? புழுதி மூக்குல ஏறாமயும் இருக்கும்னு கட்டுனேன்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "சாமி துணிய அவுக்காத, புள்ள!" என்று ஒரு குரல். நான் படித்த படிப்பெல்லாம் ஒரு துணிக்கு முன்னால் நின்றது. பாடம் நடத்தினால் வேலைக்காகாது என்று தெரிந்தது. அண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவினேன். நாலாக மடித்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினேன்.

"கண்மாய்க் கரை வரைக்கும் ஓடிட்டு வாங்கண்ணே. ஓடி வந்துட்டீகன்னா நான் தொடல. வண்டி காயலாங்கடைக்குப் போகட்டும்."

"ஓட மாட்டேன்னு நெனச்சியா?" என்று துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வைராக்கியத்தோடு ஓடினார். பின்னால் நாய்கள் ஓடின. "மைலேஜு எம்புட்டுலே?" என்று பேச்சியக்கா கத்தினாள். கரை ஏறுகிற இடத்தில் வேகம் குறைந்தது. பாதிக் கரையில் நின்றார். துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நடந்துதான் திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே வண்டியிடம் போய், பானெட்டுக்குள் குனிந்து, அந்தத் துணியைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

"இத்தன வருசமும் இப்பிடியா ஓடுன?" என்றார் வண்டியிடம்.

துணியை அலசிக் காயவைத்து, முன்கண்ணாடிக்கு உள்ளே எல்லாரும் பார்க்கும்படி கட்டினார். நான் புது பில்டரை மாட்டினேன். மறுநாள் சோதனைக்குக் கிளம்புமுன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: இறக்கத்தில் இஞ்சினை அணைக்கக் கூடாது, நியூட்ரலும் கூடாது. பெயரையே பறித்த மாதிரி பார்த்தார். ஆனால் சொன்னபடி கேட்டார். திரும்பி வந்து பங்கில் குழாயைச் சொருகினால், கொஞ்ச நேரத்திலேயே டேங்க் நிறைந்து 'டக்' என்று நின்றது. பங்கு ஆள் குழாய் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார்.

"ஓடட்டும்," என்றார் பாய்.

வண்டி ஓடியது. நான் கடைசி வருஷத்தை முடித்தேன். திருச்சுழி முதல் மல்லாங்கிணறு வரை அண்ணன் இன்றைக்கும் சொல்கிற கதை வேறு: "நான் ஓடுனேன், வண்டிக்கு மைலேஜு கூடுச்சு. இந்தப் புள்ள கூட நின்னுச்சு." நான் எதிர்த்துப் பேசத்தான் செய்கிறேன், ஒவ்வொரு முறையும், எல்லார் முன்னாலும்.

படித்து முடித்ததும் டவுனில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் போய் வேலை கேட்டேன். "போன் எடுக்கிற சீட்டு இருக்கும்மா, ஃபேன் கீழயே உக்காரலாம்," என்றார்கள். ஃபேன் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் திருச்சுழி ரோட்டில் ஒரு ஷெட் பிடித்திருக்கிறேன். வண்டிகளை மேலே நிறுத்தி அடியில் நின்று வேலை பார்க்கப் பள்ளம் தோண்டி முடித்தாயிற்று. கொத்தனாரிடம் சொல்லி, பள்ளத்தின் விளிம்பில் ஆள் உட்காருகிற மாதிரி ஒரு சிமெண்டுத் திண்டும் கட்ட வைத்துவிட்டேன். வேலைக்கு அது தேவையில்லை. மேலே உட்கார்ந்து, நான் செய்வதெல்லாம் தப்பு என்று சொல்ல ஒருவர் தினமும் வருவார். அவருக்கு இப்போது முழங்கால் வலி. ரொம்ப நேரம் நிற்க முடியாது.