உருபு பிடிக்கிறவர்

உருபு பிடிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் தராஸ் நகரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். கஸாக் மொழியில் ஒரு பெயர்ச்சொல்லைச் சும்மா விட்டுவிட முடியாது. அது யாருடையது என்பதற்கு ஒரு வால், அதன் பின்னால் ஏழு வேற்றுமைகளில் ஒன்றுக்கு இன்னொரு வால். எந்த வாலில் யார் தடுக்கி விழுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பவர்தான் இவர்.

என் பக்கத்து வீட்டு ஜுமாதாய் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் போயிற்று, பரிசோதனை போகவில்லை. சந்தையில் குதிரைக்கறி விற்கிறவள், வானிலை பேச வந்த எதிர்வீட்டுக்காரர், துக்க வீட்டில் அழுதுகொண்டே பேசுகிற விதவை, யாராக இருந்தாலும் கையை உயர்த்தி, "கொஞ்சம் இருங்க" என்பார். பாவி மனிதர், அழுகையையாவது விட்டுவைக்கக் கூடாதா?

போன மாதம் அவர் மகள் ஜிபெக்கைப் பெண் கேட்டு அல்மாத்தியிலிருந்து வந்தார்கள். சாட்சிக்கு நானும் உட்கார்ந்திருந்தேன். பையன் தௌலெத் ருஷ்ய மொழியிலேயே வளர்ந்தவன். மாமனாரின் குணம் தெரிந்து நான்கே வாக்கியங்களை ஒரு மாதமாக மனப்பாடம் செய்திருந்தான். பேச்சு முடிந்ததும் இரு வீட்டாரும் ஈரலையும் ஆட்டுவால் கொழுப்பையும் ஒருவருக்கொருவர் ஊட்ட வேண்டும். ஊட்டி விழுங்கிவிட்டால் அந்தச் சம்பந்தத்தை யாரும் முறிக்க முடியாது. தட்டு நடுவில் ஆவி பறக்கக் காத்திருந்தது.

முதல் வாக்கியத்தில் ஒரு திருத்தம். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதை மூன்று தடவை சொல்ல வைத்தார் ஜுமாதாய். நான்காவதுதான் பெண் கேட்கிற வாக்கியம். "உங்க பொண்ணுக்கு... பொண்ணோட..." என்று பையன் வியர்த்து நின்றுவிட்டான். அவன் அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொழுப்பு உறைய ஆரம்பித்தது.

சமையலறை வாசலிலிருந்து ஜிபெக் நிதானமாகக் கேட்டாள்: "அப்பா, அவரு தப்புத்தப்பா பேசினாலும் என் சம்மதத்தக் கேட்டுட்டுத்தான் வந்திருக்காரு. நீங்க எல்லாத்தையும் சரியா பேசுறீங்க. எனக்கு இஷ்டமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஜுமாதாயின் கை மெல்ல உயர்ந்தது.

"கொஞ்சம் இரும்மா. நீ இப்ப சொன்னதுல..."

திறந்த வாயில் பையனின் அம்மா ஒரு கைப்பிடி ஈரலும் கொழுப்பும் திணித்துவிட்டாள். துப்பினால் குலத்துக்கே அவமானம். மென்றார், விழித்தார், விழுங்கினார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

இதில் நான் எங்கே ஒற்றெழுத்தை விட்டேன், எங்கே உருபைத் தின்றேன் என்று உங்களுக்கு இப்போதே விரல் அரிக்கிறதா? அரிக்கட்டும், வாயை மட்டும் திறந்துவிடாதீர்கள். சம்பந்தியம்மாவின் தட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது.