ஐவி கேட்டவர் வீட்டில் ஐவேலி

தாவரவியல் படித்தவர்களுக்கு இரண்டு வகைச் செடிகள்தான் தெரியும். ஒன்று பாடப்புத்தகத்தில் படமாக இருப்பது. இன்னொன்று பரீட்சை மேஜையில் கண்ணாடிக் குடுவைக்குள் ஊறிக்கொண்டிருப்பது. மண்ணில் முளைத்து நிற்கும் மூன்றாவது வகையைப் பற்றி ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்வதே உத்தமம். இந்த ஞானம் எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. வருவதற்குள் தூத்துக்குடியில் ஒரு தெருவே எங்கள் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டது.

எழுபதுகளின் நடுவில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தேன். பி.எஸ்சி. தாவரவியல், கல்லூரியில் இரண்டாவது இடம். (வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்பது என்று சொல்லியிருப்பேன்.) வந்த நாலாவது மாதம் பெண்கள் கல்லூரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. தை மாதம் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை ஒன்று காலியாகிறது, பொங்கலுக்குள் சம்மதம் எழுதுங்கள் என்று. கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அந்த வேலை கிடைக்காவிட்டால் வாழ்நாள் முழுவதும் மிளகாய்ப்பொடி இடித்தே போய்விடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

சம்மதம் சொல்ல வேண்டியவர் நான் அல்ல, என் மாமனார். ஓய்வு பெற்ற ஆங்கில வாத்தியார். அவருக்குப் பெருமாள் ஒரு கண், இங்கிலீஷ் ஒரு கண். வைணவத்தில் அப்படியொரு பிடிப்பு. வாத்தியாராக இருந்த காலம் முழுக்கக் கடையில் போய் 'சிவப்பு மை' என்று கேட்டதே கிடையாதாம், வாயில் 'சிவ' வந்துவிடுமே என்று. 'ரெட் இங்க்' என்றுதான் கேட்பாராம். இங்கிலீஷ் படித்ததில் அவருக்குக் கிடைத்த பெரிய ஆதாயம் அதுதான் என்று என் கணவர் சொல்லுவார் (மெதுவான குரலில்).

கடிதத்தைக் காட்டினேன். மாமனார் இரண்டு தடவை படித்தார். ஓரிடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படத்தைப் பார்த்தார். ஏதோ ஒரு சீமைக் கல்லூரிக் கட்டடம். செங்கல்லே தெரியாமல் பச்சைக் கொடி மூடியிருக்கும். வருஷம் முடிந்து தாள்கள் கிழிந்த பிறகும் படத்துக்காக அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

"வேலைக்குப் போறது இருக்கட்டும், வைதேகி. படிச்ச படிப்பால ஆத்துக்கு என்ன பிரயோஜனம்னு முதல்ல பார்ப்போம். நம்ம மேலண்டைச் சுவர்ல ஐவி ஏத்திக் காமி. அப்புறம் பேசலாம்."

எங்கள் மேற்குச் சுவர் உப்புக் காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்து படை பிடித்த முதுகுபோல் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போடாமலே சாத்தமுது வைக்கலாம் (ரசத்துக்கு எங்கள் வீட்டில் அந்தப் பெயர்). அவரை, புடலை எதுவும் அந்த மண்ணில் முழங்கால் உயரம் தாண்டியதில்லை. குளிர்தேசத்து ஐவி அங்கே எப்படி வரும் என்று ஒரு தாவரவியல்காரி கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு: "எப்போக்குள்ள வேணும் மாமா?"

மார்க்கெட் பக்கத்தில் செடியும் நாட்டு மருந்தும் சேர்த்து விற்கும் ஓர் அண்ணாச்சி இருந்தார். நேரே அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, ஐவி இருக்கா?"

"ஐவேலியா? இருக்கே தாயி. எத்தன கொடி வேணும்?"

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. ஸ்டூலை இஸ்டூல் என்கிறார்கள், ரேடியோவை ரேடியாப் பெட்டி என்கிறார்கள், பாவம், ஐவியை ஐவேலி என்கிறார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அதோடு விட்டேனா? அவரைத் திருத்த வேறு செய்தேன்.

"ஐவேலி இல்லை அண்ணாச்சி. ஐ-வி."

"நீங்க படிச்ச பிள்ள. எப்படிச் சொன்னாலும் சரிதான்."

இலையைப் பார்த்தேன். ஐந்து விரல் விரித்த கைபோல் இருந்தது. புத்தகத்தில் நான் பார்த்த ஐவிப் படமும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த 'ஏறக்குறைய'தான் என்னைக் கவிழ்த்தது. ஆறு கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றி வாங்கிக்கொண்டு ராணிபோல் நடந்து வந்தேன்.

அதன் பிறகு நான் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஐப்பசி மழைக்கு முன்பே ஆறு குழி வெட்டி, உப்பு மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, ஊரிலிருந்து அண்ணன் மூட்டை கட்டிக் கொண்டுவந்த தாமிரபரணி வண்டலை நிரப்பினேன். குழாயில் வரும் நல்ல தண்ணீரில் என் பங்கைக் கொடிக்கு விட்டேன். வேர்க்காலில் தேங்காய் மட்டையைப் பரப்பினேன். சுவரில் கொடி பிடித்து ஏற ஏதாவது வேண்டுமே என்று சொன்னதும் என் கணவர் திரேஸ்புரத்திலிருந்து ஒரு பழைய மீன்வலையை வாங்கி வந்து போட்டார். துறைமுகத்தில் வேலை பார்ப்பவருக்கு வேறு என்ன தோன்றும்?

"பெருமாளே! சமுத்திரத்தையே ஆத்துக்குள்ள கொண்டுவந்துட்டானே!" என்று மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். சிகைக்காய் போட்டு மூன்று நாள் ஊற வைத்து அலசினேன். மனிதர்களுக்கு வாடை போயிற்று. பூனைகளுக்குப் போகவில்லை. அந்த வட்டாரத்துப் பூனைகள் எல்லாம் சுவரடியில் வந்து வரிசையாக உட்கார்ந்து, மேலே பார்த்துக்கொண்டே இருந்தன.

ஆனால் கொடி வளர்ந்தது! மழை பிடித்ததும் நாளுக்கு ஒரு சாண் ஏறியது. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கவாட்டில் இரண்டாகக் கிளைத்தது. சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் தொங்கியதை மடக்கி வலையில் செருகினேன். ஒரே ஒரு உறுத்தல் மட்டும் இருந்தது. ஐவி சுவரில் வேர்விட்டு ஒட்டும் என்று படித்திருந்தேன். இதுவோ சுருள் கம்பிபோல் பற்றுக்கம்பி விட்டு வலையைச் சுற்றிக்கொண்டது. 'ஊர் மாறினால் பழக்கம் மாறாதா, நான் மாறவில்லையா' என்று சமாதானம் செய்துகொண்டேன். கார்த்திகை முடிவதற்குள் சுவர் தெரியவில்லை. மாமனார் காலையில் காபி டம்ளரோடு அதன் முன்னால் நின்று காலண்டரையும் சுவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

மார்கழியில் காய்த்தது. கோலிக்குண்டு அளவில் பச்சைக் காய், மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள். பழுத்ததும் சிவந்தது, வெள்ளைக் கோடு அப்படியே நின்றது. மாமனார் ஒரு பழத்தை விரலில் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா வைதேகி! நாமம் போட்டிண்டிருக்கு! சீமையில பொறந்தாலும் பெருமாள் யாரை விட்டார்?"

அந்த ஆனந்தத்தில் அவர் தன் பழைய மாணவர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அவர் லண்டனில் இரண்டு வருஷம் படித்துவிட்டு மதுரையில் பேராசிரியராக இருந்தார். அசல் ஐவியைக் கண்ணால் கண்டவர். அவர் வந்து பார்த்துச் சரி என்றால் என் வேலைக்கும் சரி என்று சொல்லாமல் சொன்னார் மாமனார். அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பதில் போட்டார். பஞ்சாங்கத்தில் அன்றைக்குத் திருவாதிரை. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டார்கள்.

பேராசிரியர் வந்தார். சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார்... லண்டன்ல இவ்வளவு... உற்சாகமா இருக்காது சார்" என்றார். குரு பக்தி அவரை அதற்கு மேல் பேசவிடவில்லை.

"நம்ம மண்ணோட குணம்!" என்றார் மாமனார்.

அப்போது வாசல் கதவு திறந்தது. முன்னால் செடிக்கடை அண்ணாச்சி. பின்னால் அடுத்த வீட்டுச் செல்லக்கனி, கையில் தட்டு. தட்டில் தேங்காய், பழம், கற்பூரம், திருநீறு. அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பெண்கள். அதில் தலைகுனிந்து நின்றவள் செல்லக்கனியின் நாத்தனார். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

"வாத்தியாரய்யா, தப்பா நெனைக்கப்பிடாது" என்று அண்ணாச்சி கும்பிட்டார். "இந்தத் தெருவுல இப்படி ஒரு கொடி காய்ச்சிக் கெடக்குன்னு செல்லக்கனி வந்து சொல்லுதா. நம்ம கடையில வாங்குன கொடிதான். இன்னைக்குத் திருவாதிர வேற. அதான் நானே கூட்டிட்டு வாரேன்."

"ஐவிக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ஐவேலிய்யா!" அண்ணாச்சி ஒரு பழத்தைப் பறித்து நசுக்கினார். விதையை வேட்டியில் துடைத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "பாருங்க, ஆவுடையாரும் லிங்கமுமா அப்படியே இருக்குல்லா? சிவலிங்கக் கொடிம்பாக. பிள்ள வரத்துக்கு இதத்தான் தேடி அலையுதாக. வெளிய நாமம், உள்ள லிங்கம்! உங்க வீட்டுக்குன்னே பொறந்ததுய்யா!"

நான் எட்டிப் பார்த்தேன். லிங்கம்தான். சந்தேகத்துக்கே இடமில்லை. ஆறு கொடி, கொடிக்கு நூறு பழம் என்று வைத்தாலும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது ஒரு பெரிய சிவ க்ஷேத்திரம்.

இதற்குள் செல்லக்கனி சுவர் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டாள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூனைகள்கூட அசையாமல் இருந்தன. அவள் திருநீற்றுத் தட்டோடு திரும்பி, வீட்டுப் பெரியவர் என்ற மரியாதையில் முதலில் மாமனாரிடம் நீட்டினாள். பேராசிரியர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். எனக்கு அங்கேயே ஒரு குழி வெட்டி ஏழாவது கொடியாக இறங்கிவிடலாம் போலிருந்தது. என் வேலை, என் கடிதம், எல்லாம் அந்தக் கற்பூரத்தோடு எரிகிறது என்று நினைத்தேன்.

"வாத்தியாரய்யா, ஒங்க கையால நாலு பழம் பறிச்சு எங்க நாத்தனாருக்குக் குடுங்கய்யா" என்றாள் செல்லக்கனி. "நல்ல மனுசரு கையி பட்டாப் பலிக்கும்."

மாமனார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். அவர் சுவரருகே போனார். பிறகு எக்கி, நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து நாலு பறித்து, அவள் முந்தானையில் போட்டார். "சௌக்கியமா இரும்மா" என்றார். அந்த நொடியில் என் மாமனாரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. (திருநீற்றையும் வாங்கிக்கொண்டார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அரைமணி நேரம் நடமாடினார்.)

எல்லாரும் போன பிறகு தலைமுழுகிவிட்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"ஐவி எங்கே?"

"கடையில... பேரைத் தப்பாப் புரிஞ்சிண்டுட்டேன் மாமா."

"ம். இந்த ஆத்துல நான் குடிவந்த நாளா அந்தச் சுவரண்டை ஒரு புல் நின்னதில்லே. ஸ்பெல்லிங் தப்பு, ஆன்சர் கரெக்ட். அரை மார்க்தான் குறைக்க முடியும்." மாமியார் பக்கம் திரும்பினார். "காலேஜுக்கு வரேன்னு இன்னிக்கே எழுதிப் போடச் சொல்லு. ஐவி கேட்டதுக்கே இவ்வளவு. இன்னும் ஒரு வருஷம் ஆத்துல வெச்சிண்டா வாசல்ல நந்தியைக் கொண்டுவந்து உட்கார வெச்சுடுவா."

அன்று மாலையே எழுதிப் போட்டேன். அந்தக் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். கொடியையும் யாரும் வெட்டவில்லை. காய்க்கும் காலத்தில் தெருப்பக்கம் தொங்குவதை மட்டும் மாமனார் மடக்காமல் விட்டுவிடுவார். வேண்டுபவர்கள் பறித்துக்கொண்டு போவார்கள். அவர் அந்த நேரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டில் இன்றும் பெரியவர்கள் எதற்காவது சம்மதம் தராமல் இழுத்தடித்தால், "பேசிப் பிரயோஜனமில்லே, ஒரு கொடியை நட்டுடு" என்பார்கள். என் பெண் டெல்லிக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தை நீட்டியபோது என் கணவர் ஒரு வாரம் 'பார்க்கலாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் காலை அவர் காபிக்கு உட்கார்ந்தபோது, அவள் ஒன்றும் பேசாமல் மண் நிரப்பிய தொட்டி ஒன்றை அவர் எதிரில் கொண்டுவந்து வைத்தாள். அதில் என்ன விதை போட்டிருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை. "பேனா எங்கே?" என்றார்.