வாக்காளர் பட்டியலை நம்பித் துட்டிக்குப் போன கதை

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து சத்துரு வரவேண்டியதில்லை. இதை நான் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்தான்.

அப்போது எம்.சி.ஏ. முடித்து, கல்யாணமும் நிச்சயமாகி, வேலைவெட்டி இல்லாமல் திருவில்லிபுத்தூரில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கு யார் யாருக்கு நேரில் போய் வைப்பது என்று அப்பா பெயர் எழுதிக்கொண்டிருந்தார். முதல் வரியை மட்டும் காலியாக விட்டு இரண்டாவது வரியிலிருந்து எழுதியிருந்தார்.

"முதல்ல யாருப்பா?" என்றேன்.

"சஞ்சீவி," என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டார்.

சஞ்சீவி ராஜா மாமாவை நான் பார்த்ததில்லை. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர். ராஜபாளையத்துக்காரர். சனி, ஞாயிறு ஆனால் அப்பா ராஜபாளையத்தில் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே தெலுங்கு வார்த்தை 'சாலு'. போதும் என்று அர்த்தம். சஞ்சீவி மாமாவின் அம்மா அந்த வார்த்தையை ஒருநாளும் மதித்ததில்லையாம்.

அந்த அம்மா இறந்தபோது அப்பா போகவில்லை. தந்தி வந்தது அப்பாவின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள். மாப்பிள்ளைப் பையன் கேத வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். அப்பாவும் சரி என்று இருந்துவிட்டார். (வேதக்கார வீட்டில், கிறிஸ்தவர்கள் வீட்டில், சகுனம் பார்ப்பதா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம், மற்ற ஆறு நாளும் பூனை குறுக்கே போனால் நிற்போம்.) பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, வெட்கம் வந்து, போகவே முடியாமல் ஆகிவிட்டது. சஞ்சீவி மாமாவும் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார்.

நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வரவேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். கல்யாணத்துக்கு வராதவனை மன்னிப்பார்கள். துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, வராதவனை மன்னிப்பது கஷ்டம். அதனால் பத்திரிகையைச் சாக்காக வைத்து அவரை ஒருமுறை பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ஆனால் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது பஞ்சு குடோன்.

"ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி நாலு பேர்ட்ட கேட்டாத் தெரிஞ்சிட்டுப் போவுது," என்றார் அம்மா.

"கேட்டா அவன் காதுக்குப் போயிரும். நான் தேடுதேன்னு தெரிஞ்சா, இல்லைன்னு சொல்லச் சொல்லிருவான்," என்றார் அப்பா.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன். "நான் கண்டுபிடிச்சுத் தாரேம்ப்பா. யாருக்கும் தெரியாம. வாக்காளர் பட்டியல் மொத்தமும் நெட்டுல இருக்கு."

அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். அதுவே கடைசி.

பட்டியல் நெட்டில் இருந்தது வாஸ்தவம். பாகம் பாகமாக இருந்தது. எல்லாம் படமாக இருந்ததால் பெயரைத் தட்டித் தேட முடியாது, ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால்தான் படிக்கவேண்டும். நாலு நாள் படித்தேன். ராஜபாளையத்தில் 'ராஜா' என்று முடியும் பெயரைத் தேடுவது எப்படிப்பட்ட காரியம் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது சாம்பாரில் மிதந்த கடுகெல்லாம் வரிசை எண்ணாகத் தெரிந்தது.

"அவிய அப்பா பேரு என்னப்பா?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "வீட்ல எல்லாரும் நாயனான்னுதான் கூப்புடுவாவ. நானும் நாயனான்னே கூப்பிட்டுட்டேன்." நாயனா என்றால் தெலுங்கில் அப்பா. இரண்டு வருஷம் அந்த வீட்டில் தின்ற மனுஷன், வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. "ஆனா இனிஷியல் ஆர். ஆர். சஞ்சீவி ராஜா."

ஐந்தாம் நாள் கிடைத்தார். பட்டியலின் கடைசியில் நீக்கப்பட்ட பெயர்கள் தனியாக இருக்கும். அதில் இருந்தது: சஞ்சீவி ராஜா, தந்தை பெயர் ரெங்கசாமி ராஜா. ஆர் பொருந்துகிறது. வயது அப்பா வயது. தெரு, அந்தப் பஞ்சு குடோனுக்கு அடுத்த தெரு. நீக்கியதற்குக் காரணம்: இறப்பு.

நான் அவசரப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ராஜபாளையம் போய் நகராட்சியில் இறப்புப் பதிவேட்டையும் சரிபார்க்கப் பார்த்தேன். அங்கிருந்த ஊழியரம்மா தலையை நிமிர்த்தாமல், "செத்த தேதி என்ன?" என்றார்.

"தெரியாதுங்க. பேரு ஆர். சஞ்சீவி ராஜா."

இப்போது நிமிர்ந்தார். "எந்த ஆரு?"

"ரெங்கசாமி ராஜா மகன். வாக்காளர் பட்டியல்ல இருக்கு."

"தாயி, ஒத்தைப் பேப்பரை வச்சு ஒண்ணும் முடிவு பண்ணாத. வீடுதான் தெரியுதுல்லா, ஒரு எட்டு போய் விசாரிச்சிட்டு வா."

அரசாங்கப் பட்டியலை அரசாங்க ஊழியரே நம்பாவிட்டால் நாடு எப்படி உருப்படும் என்று நினைத்துக்கொண்டு நேரே பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா அழவில்லை. தாம் எழுதிய பேப்பரில் காலியாக விட்ட முதல் வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "ரெண்டு துட்டிக்கும் போகலையே ஏட்டி," என்றார். அவர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் தேட ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை புறப்பட்டோம். எங்கள் ஊரிலிருந்து வெளியூர் போகிறவர்கள் பால்கோவா இல்லாமல் பஸ் ஏறுவதில்லை. அன்று அதற்குப் பதில் ஒரு ரோஜாப்பூ மாலை, போட்டோவுக்குப் போட. பத்திரிகையை எடுக்கவில்லை. துட்டி கேட்காத வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்கமுடியாது, துட்டி கேட்கிற அன்றும் வைக்கமுடியாது. நான் ஒரு பிளாஸ்டிக் கவரில் பட்டியலின் பிரிண்ட் அவுட்டை எடுத்துக்கொண்டேன். மாமாவின் பெயர்மேல் மஞ்சள் மை தீட்டியிருந்தேன். (எதற்கு எடுத்துப் போனாய் என்று அம்மா இன்றுவரை கேட்கிறார்.)

வீட்டு வாசலுக்குப் போனதும் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எதிர்பார்க்காத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"கெட்டதுக்கு வராத பாவியாயிட்டேனே! கடைசி மொகத்தைப் பாக்காமப் போயிட்டேனே! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வாசல்ல வந்து நிப்பேன்!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். அப்பா கண்ணைத் திறக்காமலேயே துட்டி வீட்டு முறைப்படி இரண்டு கையையும் நீட்டினார். பெரியவர் ஒரு நிமிஷம் அப்பாவையே பார்த்தார். பிறகு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். துட்டி வீட்டில் யாரும் 'வாங்க' என்று சொல்லமாட்டார்கள். அவரும் சொல்லவில்லை.

"வந்துட்டியாலே சீலா," என்று அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்தார். குரல் உடைந்துவிட்டது. "எங்கம்மா போயி இருவத்தெட்டு வருசமாச்சு. இப்பத்தான் ஒனக்கு பஸ்ஸு கெடச்சுதாக்கும்?"

அப்பா துண்டை விலக்கிப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அவர் அப்படியே வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் போதும், இருபத்தெட்டு வருஷத்துப் பாக்கி அங்கேயே தீர்ந்திருக்கும். நானோ அந்தப் பெரியவரை இறந்தவரின் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு, அப்பா துக்கத்தில் பேச்சிழந்துவிட்டார், மகள் என்ற முறையில் நாம்தான் விசாரிக்க வேண்டும் என்று பொறுப்பாக முன்னே வந்தேன்.

"மாமா எப்பத் தவறுனாங்க?"

"எந்த மாமாம்மா?"

"சஞ்சீவி மாமா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாந்தாம்மா சஞ்சீவி."

இந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். நான் கவரைப் பிரித்து மஞ்சள் மை தீட்டிய தாளை எடுத்து நீட்டினேன். "இல்லியே... இறப்புன்னு போட்டிருக்கே," என்றேன். எதிரே நிற்கிற மனுஷனிடம், அவர் செத்துவிட்டதற்கு ஆதாரம் காட்டினேன். (வேலைக்கு இன்டர்வியூ போனபோது, உங்களிடம் என்ன குறை என்று கேட்டார்கள். இந்தக் காட்சி கண்முன் வந்தது. 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டேன்.)

அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். "இது எங்க பெரியப்பா மவன். ரெங்கசாமி ராஜா மவன் சஞ்சீவி. நான் ராமசாமி ராஜா மவன் சஞ்சீவி. எங்க தாத்தா பேரு சஞ்சீவி, அவரு மகன்மார் அம்புட்டுப் பேரும் மூத்த பிள்ளைக்கு அந்தப் பேரைத்தான் வச்சாவ. அண்ணன் போன பொறவு பிள்ளைக கோயமுத்தூருக்குப் போயிட்டாவ. வீடு சும்மா கெடக்கேன்னு நான் வந்து குடியிருக்கேன். எனக்கு ஓட்டு இன்னும் நான் வேலை பாத்த சங்கரன்கோயில்லதான் கெடக்கு."

ஆக, உயிரோடு இருந்தவர் ராஜபாளையம் பட்டியலில் கிடையாது. பட்டியலில் இருந்தவர் உயிரோடு கிடையாது. நாலு நாள் படித்ததை நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

மாமா தாளை மடித்தார். அப்பாவைப் பார்த்தார். சிரிப்பில்லை. "அப்ப இந்த அழுகை எங்கம்மாவுக்கு இல்ல. எனக்கு."

ஒரு கேள்வியால் அப்பாவுக்குக் கிடைத்த மன்னிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஒனக்குத்தாம்லே கெளம்புனேன்," என்றார் அப்பா. "பஸ்ல ஏறி ஒக்காந்தா ஒங்கம்மா மொகந்தான் வருது. சாலு, சாலுன்னு இலைய மறைச்சாலும் கைய வெலக்கிட்டு வைப்பாவளே. அவியளுக்கு ஒரு கைப்பிடி மண்ணு போட வரல நானு. எனக்குப் பிரிச்சு அழத் தெரியலடா. எல்லாத்துக்கும் சேத்துத்தான் அழுதேன்." சொல்லிவிட்டு மறுபடி அழுதார். இந்த முறை சத்தமே இல்லை. துண்டைக்கூட எடுக்கவில்லை.

சஞ்சீவி மாமா என் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டார். கூடத்தில் அவர் அம்மாவின் போட்டோ மாட்டியிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி மாலையைப் போட்டார். இறங்கும்போது அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எலே, எனக்கு அழுத அழுகைய நானே கேட்டுட்டேன். எவனுக்குலே கெடைக்கும்? ஆனா ஒண்ணு, இன்னும் செத்த நேரம் அழுதிருக்கலாம். எம்புட்டு பழகியிருக்கோம்!"

மாமாவின் மனைவி, அத்தை, உள்ளேயிருந்து மூன்று இலையோடு வந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் மாமா மூன்றுமுறை சாதத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். அப்பாவுக்கு மூன்றாவது முறைதான் சிரிப்பு வந்தது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பத்திரிகையோடு போனோம். கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டாரிடம் மாமா தம்மைத்தாமே அறிமுகம் செய்துகொண்டார்: "நாந்தான் செத்துப்போன சஞ்சீவி ராஜா. சான்றிதழ் பொண்ணுகிட்ட இருக்கு." என் மாமியார் இரண்டடி பின்னால் போனார்கள்.

இப்போது மாமா ஓட்டை ராஜபாளையத்துக்கே மாற்றிவிட்டார். எனக்காகத்தான் மாற்றினேன் என்பார். ஒவ்வொரு முறை புதுப் பட்டியல் வரும்போதும் நான் எந்த ஊரில் இருந்தாலும் போன் வரும். "பாப்பா, இந்த வருசம் இருக்கனா இல்லியா, பாத்துச் சொல்லு." நான் பக்கம் பக்கமாகத் தேடி, பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் சரிபார்த்து அப்பாவுக்குப் போன் போடுவேன். "இருக்காங்கப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்துட்டேம்ப்பா."

போனில் அப்பா சட்டை மாட்டும் சத்தம் கேட்கும். "எதுக்கும் நான் ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருதேன்," என்று சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்.