யார் அளந்தாலும் சிவப்பு

திரையில் மறுபடியும் சிவப்பு. அதன் கீழே அதே வரி: ‘அளப்பதில் பிழை.’

இருதயராஜுக்குச் சங்கடமாகப் போயிற்று. மோட்டார் சைக்கிளுக்கு இரும்பு புஷ் என்ற குட்டிக் குழாய்களைச் செய்யும் புனே தொழிற்சாலையில் அவர் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினீயர். நீளம், உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றும் தனித்தனியே சரியாக இருந்தும், சேர்த்துப் பார்த்தால் சில நேரம் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடிக்கும். அப்போது கோளாறு மெஷினிலா, அளப்பதிலா என்று சொல்ல, பழைய பதிவேடுகளைக் காட்டிக் காட்டி நியூரல் நெட்வொர்க் என்ற ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை ஆறு மாதம் பழக்கியிருந்தார். 2003-ல் அது பெரிய விஷயம். மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கே எழுதிவிட்டார்.

இப்போது அது கைகாட்டியது ஜோசபினை. பத்து வருடமாக அங்கே அளவெடுப்பவள். கட்கி சர்ச்சில் பார்க்கும்போது இவர் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்.

கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று மேனேஜர் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார். அவள் அளக்கும் மைக்ரோமீட்டரை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். இருதயராஜ் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவள் இடத்துக்குப் பரமசிவம் வந்து அதையே எடுத்து அளந்தான். சிவப்பு. அவனும் பேக்கிங்குக்குப் போனான். ஷீலா வந்தாள். அவளுக்கும் சிவப்பு. மதியத்துக்குள் பேக்கிங்கில் நிற்க இடமில்லை, அளக்க ஆளில்லை.

கடைசியில் இருதயராஜே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபது புஷ் அளந்தார்.

‘அளப்பதில் பிழை.’

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவரையும் பேக்கிங்குக்கு அனுப்பட்டுமா என்று மேனேஜர் ஹிந்தியில் கேட்டார்.

யாரைப் பார்த்தாலும் குற்றம் சொல்லும் ஒன்றை நம்பி, ஒரு நல்ல மனுஷியைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று அவருக்குக் காது மடல் சுட்டது. எல்லோரும் பார்க்க அந்தப் புரோகிராமை அழித்தார். நகல் வைத்திருந்த ஒரே சிடியையும் உடைத்தார். நேராகப் பேக்கிங்குக்குப் போய் அவள் முன்னால் நின்றார்.

"தப்பு உங்க மேல இல்லக்கா. என் புரோகிராம்தான் தப்பு. அத அழிச்சுட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

ஜோசபின் அழுதாள். சுற்றி நின்றவர்களுக்கும் கண் கலங்கியது. அவள் ஏதோ முணுமுணுத்தாள். இருதயராஜ் குனிந்து கேட்டார்.

"போன வாரம் மைக்ரோமீட்டரைக் கீழ போட்டுட்டேன் சார், பயத்துல யார்கிட்டயும் சொல்லல. அதக் கண்டுபிடிச்சது உங்க புரோகிராம் ஒண்ணுதான்."