ஏரிக்கரையில் ஓர் ஒற்றர்

சந்தேகப் பிராணிகளுக்கு ஒரு வசதி உண்டு. பொழுது போகவில்லை என்ற பேச்சே கிடையாது. எதிரே யார் வந்தாலும் வேலை வந்துவிடும். எனக்கு அந்தக் குணம் கொஞ்சம் தாராளமாகவே வாய்த்திருந்தது. (அம்மா வைக்கும் ரசத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வேன்.)

வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலைக்கு வந்த புதிதில், ஏரியைப் பார்த்த மாதிரி ஓர் அறை எடுத்திருந்தேன். 'லேக் வியூ' என்று சொல்லி வாடகையை ஏற்றியிருந்தார் வீட்டுக்காரர். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியாது, நுரைதான் தெரியும். மழை பெய்தால் அது ரோட்டுக்கு எழும்பி வந்து, பைக்கில் போகிறவர்களின் மடியில் உட்கார்ந்துகொள்ளும். அக்கரையில் ஒரு பெயிண்ட் ஆலை. கழிவை விடுவது அவர்கள்தான் என்று ஊருக்கே தெரியும். 'ஒரு சொட்டுகூட வெளியே விடுவதில்லை' என்பது ஆலையின் பதில். போதாததற்கு, ஆலையை இன்னும் பெரிதாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதிர்ப்புச் சொல்வதற்காக, அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஏரிக் குழு ஒன்றைத் தொடங்கினோம். ஞாயிறு காலையில் குப்பை அள்ளுவோம். நான் ஆலைச் சுவரோரமாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவேன்.

அப்போதுதான் கோதண்டம் வந்து சேர்ந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு நகரத்தின் நடுவே, நீலசந்திராவில். அங்கிருந்து பஸ் மாறி, டிராஃபிக்கில் வெந்து, சம்பந்தமே இல்லாத ஓர் ஏரியில் பிளாஸ்டிக் பொறுக்க ஒரு மனிதர் ஏன் வர வேண்டும்? பொறுக்கவும் இல்லை. என் பக்கத்திலேயே நின்றார். நான் குனிந்தால் ஒரு போட்டோ, நிமிர்ந்தால் ஒரு போட்டோ.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"ஆம்பூர்."

"அங்க சொந்த வீடுதானா? கூடப் பொறந்தவங்க எத்தன பேரு? சம்பளம்லாம் ஸ்வல்ப பரவால்லயா?"

சொத்து விவரம் தெரியாமல் ஒருவன்மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியுமா? ஆலைக்காரர்கள் தயாராகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிறு இன்னும் நெருங்கி வந்தார்.

"தப்பா நெனக்காதீங்க தம்பி. தண்ணி கிண்ணி எடுப்பீங்களா?"

"கண்டிப்பா எடுப்பேன்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "ஞாயித்துக்கெழம தவறினதே இல்ல. இதே கரையில உக்காந்து பாட்டில் பாட்டிலா எடுப்பேன். யாருக்கும் பயப்பட மாட்டேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. ஒற்றர் ஆட்டம் கண்டுவிட்டார் என்று எனக்குப் பரம திருப்தி.

குழுவில் நான் முழுசாக நம்பியது விக்ரமை மட்டும்தான். பேனர் அடித்துத் தருவான், எல்லோருக்கும் சூடாக வடை வாங்கித் தருவான், ஒரு கேள்வி கேட்க மாட்டான். (கேள்வி கேட்காதவன் நல்லவன் என்பது என் அப்போதைய கொள்கை.) ஆலைச் சுவரிலிருந்து ஏரிக்கு வரும் ரகசியக் குழாயை நான் எடுத்த படங்கள்தான் எங்கள் ஒரே ஆதாரம். கோதண்டத்தின் கையில் சிக்கிவிடக் கூடாதே என்று, என்னிடம் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, பென் டிரைவை விக்ரமிடம் ஒப்படைத்தேன்.

"பெருசா பிரிண்ட் போட்டுக் கொண்டாந்துடறேன் பாஸ்," என்றான்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகளும் ஆலை மேலாளரும். மூன்றாவது வரிசையில் கோதண்டம், கரை வேட்டியில். பக்கத்தில் பட்டுப்புடவையில் மனைவியும் மகளும். ஆலைக்கு ஆதரவாகக் குடும்பத்தையே திரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! ரத்தம் கொதித்தது. என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்தேன்.

"சார், எங்க குழுவுக்குள்ள ஆலைக்காரங்க ஒரு ஸ்பையை விட்டிருக்காங்க! என் சம்பளம், குடும்பம், எல்லாத்தையும் விசாரிச்சாரு. இதோ உக்காந்திருக்காரே, இவருதான்! மொதல்ல இவர வெளிய போகச் சொல்லுங்க!"

எல்லாத் தலைகளும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. மகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, நீங்க சொன்ன மாப்பிள்ளை இவரா?"

கோதண்டம் மெல்ல எழுந்தார். "தம்பி, உங்கம்மாதான் ஜாதகம் குடுத்தாங்க. 'கல்யாணம்னா பிடி குடுக்க மாட்டான், ஏரிக்குப் போயி நீங்களே பாத்துக்குங்க'ன்னாங்க. தண்ணி எடுப்பேன்னு நீங்க சொன்ன அன்னிக்கே விட்டுட்டுப் போயிருப்பேன். அது ஏரித் தண்ணின்னு உங்கம்மாதான் சொல்லி நிறுத்தினாங்க."

அதிகாரிகள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆதரவுக்கு விக்ரமைத் தேடினேன். அவன் மேடையேறி, ஆலை மேலாளரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தான். ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரியாம்.

"குழாயே கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்," என்றார் மேலாளர். (முந்தின நாளே மண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள்.) "ஆதாரம் இருந்தால் காட்டட்டும்."

என் கையில் மைக் மட்டும்தான் இருந்தது.

கோதண்டம் விறுவிறுவென்று மேடையேறி, தன் போனை அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். எல்லாவற்றிலும் இந்தப் பையன்தானே இருக்கிறான் என்று கன்னடத்தில் கேட்டார்.

"அவன விடுங்க சார். பின்னாடி பாருங்க," என்றார் கோதண்டம், அதே கன்னடத்தில்.

பின்னால் குழாய். ஒரு ஞாயிறு நீலம் கொட்டியது, மறு ஞாயிறு சிவப்பு. எந்த வாரம் எந்த பெயிண்ட் தயாரித்தார்கள் என்பதுவரை தெரிந்தது. வீட்டில் மாப்பிள்ளையைக் காட்டுவதற்காக எடுத்த படங்கள். ஒன்றில்கூட நான் பார்க்கும்படியாக இல்லை. குழாய் மட்டும் எல்லாவற்றிலும் பளிச்சென்று விழுந்திருந்தது.

விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. குழாயைத் தோண்டியெடுத்து அடைத்தார்கள். நுரை குறைந்தது. ஆனால் முழுசாகப் போகவில்லை. இன்னொரு குழாய் எங்கோ இருக்கிறது என்பது என் எண்ணம்.

மன்னிப்புக் கேட்க நீலசந்திராவுக்குப் போனேன். அந்த மகள், தேன்மொழி, காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "என்மேல ஏதாவது சந்தேகம் இருந்தா இங்கயே சொல்லிடுங்க. ஊரக் கூட்ட வேணாம்."

எங்கள் கல்யாண வரவேற்பில் கச்சேரிக்காரர், மாப்பிள்ளை ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை நீட்டினார். நான் தொட்டதுதான் தாமதம், மாமனார் எழுந்து வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போறீங்க?" என்று பதறினார் மாமியார்.

"அவரு சொல்றதுக்கு முன்னாடி நானே வெளிய போயிடறேன்."

அன்று தொடங்கியது. எங்கள் குடும்ப விசேஷம் எதிலும் நான் மைக்கைத் தொட முடியாது. இப்போது மாமனார் மட்டும் எழுந்து போவதில்லை. 'எங்களையும் சொல்லிடப் போறாரு' என்று சொந்தக்காரர்கள் மொத்தமாக எழுந்து அவர் பின்னாலேயே போகிறார்கள். நேராகப் பந்திக்கு.